பிரேசில்காரனின் மெல்லிய குரல்

மேட்டுப்பட்டியில் ஸ்தனிஸ்லாஸ் பாடினால் மாதா கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பவர்களுக்கும் கேட்கும். பூட்டுக்கடை வைத்திருந்த அவர், மைக் என்பது குரல் இல்லாதவர்களுக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தவர். கழுத்தில் கட்டி வந்து 1961-இல் மதுரையில் அறுத்தெடுத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. குரல் மட்டும் பாதியாகிப் போனது. பாடகர் குழுவிலிருந்து விலகினார். பூசையில் எல்லோரும் பாடும்போதும் உதட்டை அசைக்காமல் நின்றார். மனைவி அல்போன்சா அதைப் பார்த்தும் பாராததுபோல் இருந்தாள்.

கப்பலில் சமையல் வேலை பார்த்த அவள் தம்பி கஸ்பார், மூன்று வருடம் கழித்து விடுமுறைக்கு வந்தபோது ஓர் இசைத்தட்டு கொண்டுவந்தான்.

"பிரேசில்ல வாங்குனேன் மச்சான். போசா நோவாங்கிறாக, புதுத் தினுசுப் பாட்டு. அங்க காப்பிக்கடைக்குக் கடை இதான் ஓடுது."

வீட்டில் அதைப் போட்டுக் கேட்கக் கருவி இல்லை. மூவரும் சுருளிவேலின் மைக்செட் கடைக்குப் போனார்கள். கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்டும் சுருளிவேல் வழக்கம்போல் சத்தத்தைத் திருகிக் கூட்டினான். குழாய் கரகரத்தது.

"என்னண்ணே, இவன் பாடுறானா பேசுறானா?"

"குழாயக் கழட்டிட்டுச் சின்னப் பெட்டியில போடு. சத்தத்தக் கொற" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

அப்போதுதான் பாட்டு கேட்டது. ஒரே ஒரு கிதார். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவனைப் போல ஒருவன் பாடினான். இழுப்பு இல்லை, உச்சத்துக்கு ஏறிக் காட்டும் ஆசை இல்லை. தாளம் முன்னே போக, குரல் சற்றுப் பிந்தி, அவசரமில்லாமல் வந்து சேர்ந்துகொண்டது. பாஷை புரியவில்லை. நடுவில் அல்போன்சா நிமிர்ந்தாள்.

"சாவின்னு சொல்றான்ல?"

"நம்ம சாவிதான்க்கா. அந்தப் போர்ச்சுகீசுப் பாஷையிலருந்து வந்ததுதான்" என்றான் கஸ்பார்.

அவள் சிரித்தாள். ஸ்தனிஸ்லாஸ் சிரிக்கவில்லை. தட்டைத் திருப்பிப் போடச் சொன்னார்.

"மைக்க உதட்டுக்கிட்ட வச்சுப் பாடிருக்கான். தூரத்துல இருக்கவனுக்கு இல்ல, கேக்குற ஒருத்தனுக்கு மட்டும் பாடுறான்" என்றான் சுருளிவேல்.

அதன்பின் ஞாயிறு மதியங்களில் அவர் அந்தக் கடைக்குப் போய்வந்தார். அந்த ஆளுக்குக் குரல் போதாமல் அப்படிப் பாடவில்லை, அவ்வளவு போதும் என்று தீர்மானித்துப் பாடியிருக்கிறான் என்பது அவருக்கு மெல்லத்தான் விளங்கியது. ஒருநாள் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது வாய்க்குள்ளேயே மாதா பாட்டொன்றைப் பாடினார். அடுப்படியில் இருந்த அல்போன்சா கரண்டியை ஓசைப்படாமல் கீழே வைத்தாள்.

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில், கோயில் ஆர்மோனியக்காரர் செபஸ்தியான் நுரையீரல் கெட்டுப் படுக்கையில் விழுந்தார். பாடகர் குழு போய்ச் சுற்றி நின்று பாடியபோது, சத்தம் தாங்காமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாராம். மறுநாள் ஸ்தனிஸ்லாஸ் பார்க்கப் போனார். நாற்காலியைத் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டு, இருவரும் எத்தனையோ பெருநாளில் சேர்ந்து நடத்திய பாட்டையே, செபஸ்தியானின் மூச்சிரைப்புக்கு மேலே போகாத அளவில் பாடினார்.

செபஸ்தியான் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் மெதுவாகச் சொன்னார்.

"இம்புட்டு வருசமா ஒன் தொண்டைக்கு ஈடுகுடுக்கணும்னே கட்டைய அமுக்கிக்கிட்டு இருந்தேன். பாட்டுல என்ன சொல்லிருக்குன்னு இன்னைக்குத்தான்யா காதுல விழுது."

"நானும் இப்பத்தான் கேக்குறேன்."

"இன்னொருக்கா பாடு."

பாடினார். ஈஸ்டருக்குப் பிறகு செபஸ்தியான் இறக்கும்வரை அநேகமாகத் தினமும் போனார். பிறகு மற்ற வீடுகளிலிருந்தும் அவரைக் கூப்பிட ஆள் வந்தது. பக்கத்து ஊர் அகரத்தில் படுத்துக்கிடந்த ஒருவருக்காகக் கடையை மத்தியானமே அடைத்துவிட்டு சைக்கிளில் போனதுண்டு.

பங்குச்சாமியார் ஒருமுறை, "மைக் போட்டுருவோம், மறுபடி குழுவுக்கு வாங்களேன்" என்று கூப்பிட்டார்.

"அங்க பாட ஆளு இருக்காக சாமி" என்றார் ஸ்தனிஸ்லாஸ். சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இல்லை என்று அல்போன்சா பின்னால் கஸ்பாருக்குச் சொன்னாள்.