மஞ்சள் பூசிய இரை

மூன்று குளிர்காலமாகக் கனடாவில் உறைந்துகிடக்கும் சிம்கோ ஏரிப் பனியில் துளை போட்டும் எனக்கு ஒரு ரவுட் மீன்கூட அகப்படவில்லை. ஆழத்தில் கிடக்கும் அதற்குச் செத்த சின்ன மீனை முழுதாகத் தூண்டில் முள்ளில் கொளுவி, அடியை ஒட்டித் தொங்கவிட வேண்டும் என்று படித்து, இரை வாங்கி பிரிட்ஜில் வைத்தேன். இம்முறையும் வெறுங்கையோடு திரும்பினால் தூண்டிலை விட்டுவிடுவதாக மனைவிக்கு வாக்கும் கொடுத்திருந்தேன்.

ஏரியில் பையைத் திறந்தால், மீன்களுக்குத் தலை இல்லை. உடம்பெல்லாம் மஞ்சளும் உப்பும். மனைவியைப் போனில் அழைத்தேன்.

"மீனெண்டால் வெட்டிக் கழுவித்தானே வைக்கிறது? இரையெண்டு நீங்கள் சொன்னனீங்களோ?"

கூட வந்த நண்பர் சிரித்தார். "கறித்தூளும் போட்டிருந்தால் ரவுட் சோறும் கேட்டிருக்கும், அண்ணை."

வேறு வழியின்றி அதையே இறக்கினேன். மாலைவரை தூண்டில் அசையவில்லை. மீன் பிடிக்காதவன் வாக்கையாவது காப்பாற்றட்டும் என்று, தூண்டிலை நண்பரிடமே கொடுத்துவிட்டேன்.