பெட்ரோல் இறங்காத காலை

அன்று என் மனைவிக்கு அரசு வேலைக்கான தேர்வு. வயது வரம்பின்படி அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. காஞ்சிபுரத்தில் தேர்வு நடக்கும் பள்ளியில் ஒன்பது மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். ஒரு நிமிடம் பிந்தினாலும் உள்ளே விடமாட்டார்கள்.

"ஏழு மணி பஸ்லயே போயிடறேங்க," என்றாள்.

"பஸ்சு இன்னாத்துக்கு? அதான் வண்டி ரெடியா கீதே!"

நெல் மூட்டை போடும் அறையில் மூன்று வருடமாகக் கிடந்த என் பழைய பைக்கை இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்திருந்தேன். கெட்டுப்போன பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றினால் உள்ளே வெல்லப்பாகு மாதிரி பிசின். பெட்ரோல் பீய்ச்சும் ஜெட்டின் அடைத்திருந்த துளையை கிளட்ச் வயரின் ஒற்றை இழையால் குத்திச் சுத்தம் செய்தேன். நான்காவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை, பெரிய மெக்கானிக் என்று நினைப்பு. அவளை அதே வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும் என்று ஒரே ஆசை. மறுத்துப் பேசினால் நான் கத்துவேன் என்று அவளுக்குத் தெரியும். பஸ்ஸை விட்டுவிட்டாள்.

ஏழரைக்குக் கிளம்பினோம். மானாம்பதி கூட்ரோடு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி திணறி நின்றது. பெட்ரோல் டியூபைப் பிடுங்கிப் பார்த்தேன். இரண்டு சொட்டு விழுந்தது, அவ்வளவுதான். டேங்கில் துரு அடைத்திருக்கிறது என்று முடிவுகட்டி, டியூபில் வாய் வைத்து ஊதினேன். டேங்குக்குள் கொடகொடவென்று சத்தம் கேட்டது. வாயை எடுத்ததும் பெட்ரோல் சட்டையெல்லாம் பாய்ந்தது. வண்டி கிளம்பியது.

"பாத்தியா?" என்றேன்.

ஐந்து நிமிடத்தில் மறுபடி நின்றது. மறுபடி ஊதினேன். கொஞ்ச தூரத்தில் மூன்றாவது முறையும் நின்றது. முன்னும் பின்னும் ஒரு பஸ் கிடையாது. அவள் ஹால் டிக்கெட் வைத்த பிளாஸ்டிக் கவரை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எட்டு இருவது ஆயிடுச்சிங்க."

"வாய மூடிக்கினு நில்லு!"

நடுரோட்டில் அப்படிக் கத்தினேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அவள் கையைக் காட்டி, காஞ்சிபுரம் போகும் ஒரு பால் வேனை நிறுத்தினாள். "நான் போறேங்க," என்று ஏறிக்கொண்டாள்.

டியூபையும் ஜெட்டையும் கழற்றி மாட்டியதில் அரை மணி போனது. எரிச்சலில் வண்டியை ஓர் உதை உதைத்தேன். பெட்ரோல்தான் தீர்ந்துவிட்டதோ என்று டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. அப்போதுதான் உறைத்தது. மூடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை உண்டு. அதன் வழியே காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். நான் ஊதிய காற்று தீரும்வரைதான் வண்டி ஓடியிருக்கிறது. அந்தத் துளையின் மேல் கெட்டியாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

வைத்தவன் நான்தான். ஓட்டாமல் போட்டுவிட்டோமே என்ற குறையில், ஒவ்வோர் ஆயுதபூஜைக்கும் அந்த மூடியில் தாராளமாக அப்பியிருந்தேன். மூன்று வருடச் சந்தனம் காரைபோல இறுகியிருந்தது. வண்டியைத் துடைத்தபோதும் அதை மட்டும் தொடவில்லை. நல்ல காரியத்துக்குப் போகும்போது பூஜைப் பொட்டை அழிக்கலாமா என்று சுற்றிலும் பார்த்துப் பார்த்துத் துடைத்தேன்.

சாவியால் சுரண்டினேன். ஒரே உதையில் கிளம்பிற்று.

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் மூடிய கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். பால் வேன் இரண்டு ஊர்களில் கேன் ஏற்ற நின்றதாம். நாலு நிமிடத்தில் தவறிவிட்டது.

"வண்டிக்கு இன்னாங்க ஆச்சு?"

"டேங்குல துரு," என்றேன். மூடியில் மிச்சமிருந்த குங்குமத்தைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்தேன்.

"பழைய வண்டி, நீங்க இன்னா பண்ணுவீங்க. வுடுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் ஏறி, என் தோளில் கை வைத்துக்கொண்டாள். வீடு வரைக்கும் வண்டி ஓரிடத்தில்கூட நிற்கவில்லை.