ஒன்பது மாற்றங்கள், ஒரே கமிட்

அடையாறில் அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினைந்து மணி நேரப் பட்டினியோடு உட்கார்ந்திருந்தேன். டோக்கன் திரை இருபத்திரண்டிலேயே நின்றுவிட்டது. காத்திருந்தவர்கள் முப்பத்தொரு பேர், எல்லாருக்கும் வெறும் வயிறு. டோக்கன் விழாமல் ரத்தம் எடுக்க மாட்டார்களாம்!

மென்பொருள் எழுதிய பெண் மூலையில் மடிக்கணினியோடு இருந்தாள். நாற்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, முகம் திரையில் படுகிற மாதிரி குனிந்திருந்தாள்.

"மொத்தமா நேத்து இருந்த மாதிரியே ஆக்கிடும்மா," என்றார் மேலாளர்.

"ஆக்கினா, ரிப்போர்ட்ல பேர் மாறுற கோளாறும் திரும்ப வந்துடும் சார். ஏஐ பண்ண ஒன்பது மாத்தத்தையும் ஒரே கமிட்டா, ஒரே மூட்டையாக் கட்டிப் பதிவு பண்ணிட்டேன். கெடுத்தது எதுன்னு பிரிச்சுத்தான் எடுக்கணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒவ்வொண்ணாப் பதிவு பண்ணியிருந்தா அதை மட்டும் எடுத்திருக்கலாமில்ல? படிச்சாவது பார்த்தியா?"

"இல்ல சார்."

"எழுதினது மெஷின்தானேன்னு சொல்லிடேன்!"

"கமிட்ல என் பேருதான் சார் இருக்கு," என்றாள், நிமிராமல்.

ஒவ்வொரு மாற்றமாகப் படித்தாள். படித்துத் தனியாகப் பதிவு செய்ததும் மேசையை விரலால் ஒரு தட்டு. ஏழாவதற்குத் தட்டவில்லை, அதை நீக்கினாள். இன்னும் இரண்டு தட்டுகள். டோக்கன் திரையில் இருபத்து மூன்று விழுந்தது.

என் டோக்கன் நாற்பத்தொன்று. ரத்தம் கொடுத்துவிட்டு வரும்போதும் மேலாளரோடு இரண்டு பேர் அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரிடமும் அவள் பழியை மெஷின்மேல் போடவில்லை.

என் கோபம் இன்னும் தீரவில்லை. அதை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.