அக்காவின் காய்ச்சல் இறங்கிய மாதம்

என் அக்கா பேக்கரியில் கேக்குக்குக் கிரீம் பூசுகிறாள். கை அவ்வளவு நயம். வாய் அதற்கு நேர் எதிர். வாங்க வந்தவர், "ரோஜா கொஞ்சம் சின்னதா இருக்கே?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால் போதும். "பெருசா வேணும்னா தோட்டத்துல போய்ப் பறிச்சுக்கோங்க" என்பாள். மறுநாள் அம்மா முதலாளியிடம் போய் நிற்பாள்.

"சின்ன வயசுல மூளைக்காய்ச்சல் வந்த பொண்ணு சார். மனசுல வச்சுக்காதீங்க."

ஐந்து வயதில் வைரஸால் வந்த காய்ச்சல் அது. பிழைத்ததே பெரும்பாடு. அதன்பின் எங்கள் வீட்டில் எல்லாப் பழியும் அதன் தலையில்தான். கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டாள்: காய்ச்சல். பெண் பார்க்க வந்தவரை, "மூச்சு விட்டுப் பேசுங்க" என்று சொல்லி விரட்டினாள்: காய்ச்சல். என் சட்டையைக் கிழித்ததும் காய்ச்சல்தான். நான் திருப்பி அடித்தால் மட்டும் அது கொழுப்பு. எனக்கும் ஒரு நல்ல காய்ச்சல் வந்து தொலையாதா என்று ஏங்கியிருக்கிறேன்.

நாற்பதை நெருங்கும்போது அக்கா திடீரென்று சாந்தமானாள். முதலாளி திட்டினால் தலையாட்டினாள். அவள் தட்டிலிருந்த மீன் துண்டை நான் எடுத்துத் தின்றேன், ஏனென்று கேட்கவில்லை.

"இப்பத்தான்டா காய்ச்சல் முழுசா இறங்கியிருக்கு" என்று அம்மா பூரித்துப் போனாள். நானும் நம்பித் தொலைத்தேன்.

ஒரு நாள் முதலாளியே வீட்டுக்கு வந்துவிட்டார். "சண்டை போட ஆளில்லாம கடை கடையாவே இல்லம்மா. உங்க பொண்ணு கிரீம் பையைக் கையில பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்குது. என்னம்மான்னு கேட்டா, நான் எதுக்கு உயிரோட இருக்கேன்னு கேக்குது."

அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனோம்.

"இது மனச்சோர்வு" என்றார் அவர். "சின்ன வயசுல அந்த மாதிரி தொற்று வந்தவங்களுக்குப் பின்னால இப்படி வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம்னு சில ஆய்வுகள் சொல்லுது. இவங்களுக்கு அதனாலதான்னு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா, குணப்படுத்தலாம்."

அம்மா குறுக்கே புகுந்தாள். "சாதாரணக் காய்ச்சல்னு நெனச்சு ரெண்டு நாள் வீட்லயே வச்சிருந்தேன் டாக்டர். அன்னைக்கே தூக்கிட்டு ஓடி வந்திருந்தா..."

ஊரெல்லாம் போய் அவள் கேட்ட மன்னிப்பு உண்மையில் யாருடைய தப்புக்காக என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டர் வாய் திறப்பதற்குள் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நீ கொஞ்சம் சும்மா இரு. மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு நான் கேக்கணும்."