கலியமூர்த்தி மாமாவின் முதல் ஜாங்கிரி

ஞாயிற்றுக்கிழமை காலை, தையல் கூடத்தை நடத்தும் ஸ்டெல்லா மேடம் அம்மாவின் செல்போனுக்கு அழைத்தார். "எப்ப மேடம்?" என்று மட்டும் கேட்டாள் அம்மா. பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, "கலியமூர்த்தி மாமா போயிட்டாருடி" என்றாள். தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

வருகிற சனிக்கிழமை நம் தையல் கூடத்தில் அவருக்காகக் கூடுகிறோம். அங்கே படிப்பதற்காக, அம்மா தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன். மூன்று வருடமாக உங்களிடம் மறைத்த ஒன்று இதில் இருக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது.

உங்களுக்கு அவர் கடலூர் கூடத்து வாட்ச்மேன். அதற்கு முன்பு முப்பது வருடம் சிதம்பரத்தில் ஒரு மிட்டாய்க் கடையில் ஜாங்கிரி பிழிந்தவர். புகை நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதால் அடுப்பை விட்டு நம் கேட்டுக்கு வந்தார். பள்ளி விட்டு அம்மாவைக் கூப்பிட வரும்போதெல்லாம், "பாப்பா, தண்ணி வேணுமா, ஜாங்கிரி வேணுமா?" என்பார். ஜாங்கிரி என்றால், "அது தீந்துபோச்சு, தண்ணி குடி" என்று சொம்பை நீட்டுவார். ஒரு நாளும் அலுக்காமல் இதையே சொன்னார்.

அந்தப் பெரிய இயந்திரம் வந்த புதிது உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்து, நீள மேசையில் இழுத்துக் கட்டியிருக்கும். ஊசி அதன் வேகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். நாம் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்து அதை நகர்த்தி, அறுபடாத ஒரே கோட்டில் பூவோ அலையோ போட வேண்டும். கை நின்றால் தையல் ஒரே இடத்தில் குவியும். கை ஓடினால் நீண்டு தொங்கும். அம்மா சிக்குக் கோலம் போட்டுப் பார்த்தாள். கோடுகள் குறுக்கே குறுக்கே ஏறி, நூல் தடித்து ஊசி உடைந்தது. அதன் பிறகு எல்லோருக்கும் பயம். சுவரில் வேறு எழுதியிருந்தது: பதினெட்டு வயது ஆகாதவர்கள் இயந்திரத்தைத் தொட்டால், அவர்களை அழைத்து வந்தவருக்கு வேலை இல்லை.

நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஒரு சனிக்கிழமை மதியம் நீங்கள் எல்லோரும் பின்பக்கம் சாப்பிடப் போயிருந்தபோது நான் அந்த இயந்திரத்தின் பொத்தானை அமுக்கினேன். வெள்ளைத் துணியில் அலை போல ஒரு கோடு நன்றாகவே போனது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. என் கை நின்றுவிட்டது, ஊசி நிற்கவில்லை. கொழுக்கட்டை அளவுக்கு ஒரு முடிச்சு.

வந்தவர் மாமா. இயந்திரத்தை நிறுத்தினார். "தண்ணிக் கொடத்துக்கிட்ட போய் நில்லு" என்றார். அவர் பின்னாலேயே மேடம் வந்தார்.

"யாரு தொட்டது இத?"

"நான்தான் மேடம். ஆசையா இருந்துச்சு."

மேடம் என்னை ஒரு தரம் பார்த்தார். "வாட்ச்மேனுக்கு மெஷின்ல என்ன வேல? எங்க, போட்டுக் காட்டுங்க பாப்போம்."

அதற்குள் நீங்கள் எல்லோரும் வந்துவிட்டீர்கள். "பாத்து மாமா, எண்ணச் சட்டின்னு நெனச்சிக்காதீங்க" என்று பரிமளா அக்கா கத்தினார். மாமா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். பொத்தானை அமுக்கி, ஊசி அடிக்கும் வேகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தீ ஜாஸ்தியா இருக்கு. கொறைங்க" என்றார்.

சிரித்துக்கொண்டே வேகத்தைக் குறைத்தார்கள். அவர் ஒரு வட்டம் போட்டார். அதைச் சுற்றிச் சின்னச் சின்னச் சுழிகள். கடைசிச் சுழியிலிருந்து கையை எடுக்காமலே நழுவி அடுத்த வட்டம். ஐந்து ஜாங்கிரிகள், ஒரே கோடு.

"இவ்ளோ அழகா போடுறீங்க, அங்க மட்டும் ஏன் அப்படி ஆச்சு?" என்று முடிச்சைக் காட்டினார் மேடம்.

"மொத ஜாங்கிரி சட்டிக்கு மேடம். எண்ண காஞ்சுதான்னு பாக்கப் போடுறது. அத யாரும் விக்கிறதில்ல."

அன்றிலிருந்து நம் கூடத்தில் புதிதாக வருபவர் யாரானாலும் முதலில் ஜாங்கிரிதான் போடுகிறார்கள். "மாவு வர்ற வேகத்துக்குக் கை போவணும், அவ்ளோதான்" என்று அவர் கேட்டிலிருந்தே சொல்வதைக் கேட்டு அம்மாவும் கற்றாள். இன்று அம்மா இயந்திரத்தில் நிற்கும்போது பாட்டு முணுமுணுக்கிறாள்.

முடிச்சு விழுந்த துணியை மாமா கேட்டு வாங்கி, மடித்து நாற்காலியில் போட்டுக்கொண்டார். "பிரிச்சுடட்டா மாமா?" என்று ஒருநாள் கேட்டேன். "வேணாம் பாப்பா. உறுத்துனாதான் தூக்கம் வராது. வாட்ச்மேனுக்கு நல்லதுதான?" என்றார். உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்றும் கேட்டேன். "எண்ண காஞ்சிடுச்சுன்னு உனக்கு எப்பத் தோணுதோ, அப்பச் சொல்லு."

அடக்கத்துக்குப் போனபோது, "அந்த மொத முடிச்சத் தவிர அவரு கையில தப்பே வந்ததில்ல" என்று மேடம் அழுதார். நான் வாயைத் திறக்கவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன். அவர் கை ஒருமுறைகூட நிற்கவில்லை. நின்றது என் கை. அம்மாவுக்கு இது தெரியாது, அவளை ஒன்றும் சொல்லாதீர்கள்.

நாற்காலித் துணி யாருக்காவது வேண்டுமா என்று அவர் மனைவி கேட்டார். நான் வாங்கி வந்தேன். அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். முடிச்சு எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிகிறது.