விக்னராஜா தானாக விலகிய கதை

புலம்பெயர்ந்து வந்த டண்டினொங் நகரில், பாத்திரம் கழுவும் குசினித் தொட்டிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் விக்னராஜா பத்தொன்பது வருடம் வேலை செய்தவர். எவர்சில்வர் தகட்டை இயந்திரம் ஒரே அழுத்தில் தொட்டியாக்கித் தள்ளும். விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று அவர் தடவிப் பார்த்து அடுத்த ஆளிடம் கொடுப்பார். வெளிநாட்டுத் தொட்டிகள் கப்பல் கப்பலாக வந்து பாதி விலைக்கு விற்கத் தொடங்கிய பிறகு இயந்திரம் ஓடும் நேரம் குறைந்துகொண்டே போனது. ஒருநாள் கடையில் அப்படியொரு தொட்டியைத் தட்டிப் பார்த்தார். தகரப் பேணியின் சத்தம் கேட்டது. இந்தச் சாமானிடமா தோற்கிறோம் என்று அன்று முழுக்க வீட்டில் எரிந்து விழுந்தார்.

தொழிற்சாலையை மூடப்போகிறோம் என்று முகாமையாளர் சாப்பாட்டறையில் வைத்து அறிவித்தார். மறுநாள் காலை விக்னராஜா கையுறைகளை அவர் மேசையில் எறிந்துவிட்டு, தான் விலகுவதாகச் சொன்னார். ‘உங்களையும் நிப்பாட்டிப் போட்டாங்களாமே’ என்று கோயிலில் நாலு பேர் கேட்பதை அவரால் தாங்க முடியாது. ‘நானாய் விட்டனான்’ என்றால் கழுத்து நிமிர்ந்து நிற்கும். அதோடு நிறுத்தியிருக்கலாம். போகிற போக்கில் சாப்பாட்டறைக்குள் தலையை நீட்டி, “கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுமட்டும் எச்சில் இலைக்குக் காவல் இருங்கோ” என்றார்.

அங்கே தமிழ் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். தொழிற்சங்கப் பிரதிநிதி பழனிசாமி, ஈரோட்டுக்காரர். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார்.

காவல் இருந்தவர்களைத் தேடி அரசாங்கம் வந்தது. இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கு இலவசப் பயிற்சி. கனரக லொறி ஓட்டும் அனுமதி எடுத்துக்கொண்டால், வயதைப் பார்க்காமல் வேலைக்குச் சேர்க்க ஒரு போக்குவரத்துக் கம்பனி தயாராக இருந்தது. விக்னராஜாவும் விண்ணப்பித்தார். வேலை இழந்தவர்களுக்குத்தான் உதவி, வேலையை விட்டவர்களுக்கு இல்லை என்று பதில் வந்தது.

அதன்பிறகு அவர் ஏறி இறங்காத தொழிற்சாலை அந்தப் பக்கத்தில் இல்லை. ஐம்பத்தாறு வயது என்றதும் எல்லா இடத்திலும் ஒரே சிரிப்போடு அனுப்பி வைத்தார்கள். மனைவி இராஜேஸ்வரி முதியோர் இல்லத்தில் இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்துகொண்டிருந்தாள். திட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருப்பதை விசாரித்து வந்தவளும் அவள்தான். மூடப்போகும் அறிவிப்புக்குப் பின் அந்தக் காரணத்தால் விலகியவர்களையும் சேர்ப்பார்கள். ஆனால் விலகியவரே நேரில் வந்து அப்படிச் சொல்ல வேண்டும். தொழிற்சங்கப் பிரதிநிதி அதை உறுதிப்படுத்த வேண்டும்.

பழனிசாமியிடம் போய் நிற்பதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்றார் விக்னராஜா.

“கிடவுங்கோ. நான் ஏன் சேர்ந்து கிடக்கவேணும்?” என்றாள் இராஜேஸ்வரி. அவர் வாயைத் திறப்பதற்குள் பழனிசாமிக்குத் தானே போன் செய்து நாள் குறித்துக்கொண்டாள்.

உதவி மையம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. அதிகாரி பார்கவி சென்னைப் பெண், முப்பது வயது இருக்கலாம். அங்கிள் என்று கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அந்த அங்கிளும் பிடிக்கவில்லை, தண்ணீரும் பிடிக்கவில்லை விக்னராஜாவுக்கு. தன் வேலை போனதால்தான் இவளுக்கு இந்த வேலை கிடைத்தது என்று நினைத்துக்கொண்டார். பழனிசாமி முன்பே வந்து மூலைக் கதிரையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். இருவரும் முகம் பார்க்கவில்லை.

பார்கவி கேள்வியைக் கேட்டாள். பழனிசாமி முந்திக்கொண்டார்.

“முதல்ல அவர் சொல்லட்டுங்க. அப்புறம் நான் சொல்றேன்.”

தொழிற்சாலை மூடப்போகிறது என்பதால் விலகினேன் என்று விக்னராஜா ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். பார்கவி தலையாட்டித் தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.

“தமிழ்ல சொல்லுங்கண்ணா,” என்றார் பழனிசாமி. “அன்னைக்குத் தமிழ்லதானுங்க பேசுனீங்க.”

அதெல்லாம் தேவையில்லை சார் என்றாள் பார்கவி. தனக்குத் தேவை என்றார் பழனிசாமி. அவர் குரல் உயரவில்லை. அவர் உறுதிப்படுத்தாவிட்டால் லொறியும் இல்லை, கம்பனியும் இல்லை. அது மூவருக்கும் தெரியும்.

எழுந்து போய்விடத்தான் விக்னராஜா கதிரையைப் பின்னால் தள்ளினார். ஆனால் எழவில்லை. காலையில் இராஜேஸ்வரி முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனது கண்முன் வந்தது. அவள்மேலும் ஆத்திரம் வந்தது.

“நிப்பாட்டப் போகினம் எண்டு தெரிஞ்சுதான் விட்டனான்,” என்றார் சுவரைப் பார்த்து. “தள்ளிவிடுறதைப் பார்க்கப் பயந்து முதலே ஓடினனான். இவ்வளவும் காணுமோ?”

பழனிசாமி பார்கவியின் பக்கம் திரும்பி, அவர் சொன்னது உண்மை என்று ஒரே வரியில் ஆங்கிலத்தில் சொன்னார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். பழனிசாமி சேர்ந்திருக்கும் வகுப்பு திங்கட்கிழமை தொடங்குகிறது, அதில் ஒரு இடம் இருக்கிறது, இரண்டு பேரும் ஒரே வண்டியில்தான் பழக வேண்டியிருக்கும் என்றாள் பார்கவி. யாரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை.

வெளியே பஸ் நிறுத்தத்திலும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க நேர்ந்தது.

“இப்ப வயிறு நிரம்பிச்சுதோ?” என்று கேட்டார் விக்னராஜா.

பழனிசாமி யோசித்துத்தான் பதில் சொன்னார். “இல்லீங்கண்ணா. நிரம்பும்னு நெனச்சுத்தான் வந்தேன்.”

பஸ் வந்தது. பழனிசாமி ஏறினார். ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விக்னராஜாவைப் பார்த்தார். வேண்டாம், போ என்று கையைக் காட்டிவிட்டு, அடுத்த பஸ்ஸுக்காக அவர் வெயிலிலேயே நின்றார். திங்கட்கிழமைவரை அந்த மனிதரோடு ஒரே வண்டியில் ஏறவேண்டிய கட்டாயம் இல்லை.