எட்டு மணி மருமகள்

என் மாமியாருக்கும் எனக்கும் சண்டையே வந்ததில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கல்யாணமாகி சிங்கப்பூர் வந்த நாளிலிருந்து ஈசூன் வீட்டில் சேர்ந்துதான் சமைத்தோம். தேக்கா மார்க்கெட்டுக்குப் போனால் மீன் பேரம் பேசுவது அத்தை, பை தூக்குவது நான். கோயிலில் பார்க்கிற பெண்கள், "மாமியார் எப்படி, கொடுமையா?" என்று கண்ணடித்துக் கேட்பார்கள். "நல்லா வெச்சிருக்காங்க" என்று சொன்னால் போதும், அவர்கள் முகம் சப்பென்று ஆகிவிடும். சண்டை இல்லாத வீட்டை வைத்து யார் நாடகம் எடுப்பார்கள்?

எட்டு மணி நாடகத்தை நாங்களும் விடாமல் பார்த்தோம். அதில் வருகிற மருமகள் பட்டுப்புடவையோடு தூங்குவாள், பட்டுப்புடவையோடு எழுந்துவந்து மாமியார் குடிக்கிற பாலில் எதையோ கலப்பாள். அந்தக் கரண்டியை மேலே, கீழே, பக்கத்தில் என்று மாற்றி மாற்றிக் காட்டி, இடி விழுந்த மாதிரி சத்தம் போடுவார்கள். "பாவி மவளே, நாசமாப் போவ!" என்று அத்தை என் தொடையில் ஒரு போடு போட்டு டிவியைத் திட்டுவார். எனக்குச் சிரிப்பு தாங்காது. சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் அவள் கட்டிய புடவை மாதிரியே வேண்டும் என்று பெண்கள் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். நாடகத்தில் நல்லவராக வருகிற அந்த மாமியார் கட்டிய புடவையை ஒருத்தரும் சீண்டவில்லை என்று கடைக்காரரே சொன்னார்.

பிறகு அத்தைக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தார், அப்புறம் லிஃப்டில் எந்த மாடி என்பதை மறந்தார். டாக்டர் நோயின் பெயரைச் சொல்லி, இனிமேல் ஆட்களையும் மறப்பார் என்றார். என்னையும் மறப்பார் என்று மனதைத் தேற்றி வைத்திருந்தேன். அப்படி மறந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஒருநாள் சாயங்காலம் பாலைக் கொண்டுபோய் நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "மொதல்ல நீ குடி" என்றார். விளையாடுகிறார் என்று ஒரு வாய் குடித்துக் காட்டினேன்.

"அடியில தங்கற மாதிரி கலந்திருப்ப லா. எனக்குத் தெரியாதா? தெனமும் பாக்கறேனே, நீ செய்யறத."

என் கணவர் மறுநாளே டிவியைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டார். ஒரு பிரயோஜனமும் இல்லை. நாடகம் அதற்குள் அத்தையின் தலைக்குள் ஓட ஆரம்பித்திருந்தது. நான் நீட்டினால் தட்டிவிடுவார்; மகன் ஊட்டினாலும், "அவ ஆக்குனதா?" என்று கேட்டு வாயை இறுக்கி மூடிக்கொள்வார். உடம்பு இளைத்து, வளையல் முழங்கை வரை ஏறியது.

கடைசியில் எதிர்வீட்டு மலாய் அக்காதான் வழி சொன்னார். நான் காய்ச்சிய கஞ்சியை அவர் வீட்டில் கொடுப்பேன். அவர் அதைத் தன் கிண்ணத்தில் ஊற்றி எடுத்துவந்து, "மக்கான், மக்கான்" என்று மலாயில் சாப்பிடச் சொல்லி ஊட்டுவார். வெந்தயமும் பூண்டும் போட்டு, அத்தையே எனக்குச் சொல்லிக்கொடுத்த கஞ்சி அது. ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, கதவோரம் நிற்கிற என்னைப் பார்ப்பார்.

"பாத்தியா? இதுதான் சமையல். இவ நல்ல பொண்ணு."

மலாய் அக்கா என் முகத்தைப் பார்க்காமல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

எனக்குக் கோபம் வரும். அத்தை மேல் எனக்கென்ன கோபம்? அந்த நாடகத்தை எழுதினவன் மேல் கோபம், எடுத்தவன் மேல் கோபம், கேட்டால் "ஜனங்க பாக்கறாங்க, போடறோம்" என்பார்களே, அந்தப் பேச்சின் மேல் கோபம். நாங்கள் சேர்ந்து வாழ்ந்த வருஷங்களையெல்லாம் நோய் துடைத்துக்கொண்டு போனது. காலியான இடத்தில் அந்தச் சனியன் பிடித்தவள் பட்டுப்புடவையோடு வந்து உட்கார்ந்துகொண்டாள். என் கையால் தருகிறேன் என்று தெரிந்தே அத்தை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் போதும் என்று பெருமாளிடம் வேண்டாத நாள் இல்லை.

போன வருஷம் அத்தை தூக்கத்திலேயே போய்விட்டார். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கிடத்தியிருந்தோம். மண்டாய் சுடுகாட்டுக்குப் போகிற வண்டி வந்து நின்றபோது, சடங்கு செய்தவர் குரல் கொடுத்தார். "வாய்க்கரிசி போடணும். மருமக எங்க? வாங்கம்மா."

எழுந்து போனேன். "நாடகத்துல வர்ற மாதிரியே அழுவுறா பாரு" என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது.

அரிசியை அள்ளி உதட்டருகே கொண்டுபோகும்போது என் கை தானாகப் பின்வாங்கியது. தட்டிவிடுவார் என்ற பயம் அப்போதும் எனக்குப் போகவில்லை. அத்தை அசையவில்லை.

"அத்தை, நான்தான் போடறேன்" என்று காதோரம் சொல்லிவிட்டுத்தான் போட்டேன்.